பூட்டிய கடைக்குக் கொடுத்த வாடகை: யாழ்ப்பாணத்தில் ஒரு பலசரக்குக் கடை அனுமதி பெற்ற விதம்

யாழ்ப்பாணத்தில் சில்லறைக் கடை திறக்க என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்பவர்கள், எந்தக் கந்தோருக்குப் போவது, எவ்வளவு காசு கட்டுவது என்ற இரண்டையும்தான் முதலில் கேட்கிறார்கள். கீழே சொல்லும் கடையில் அரசாங்கத்துக்குக் கட்டிய காசு மிகச் சிறியது. தை (ஜனவரி) மாதம் முற்பணம் கொடுத்து எடுத்த கடை ஆவணியில்தான் (ஓகஸ்ட்) திறந்தது. இடைப்பட்ட மாதங்களின் வாடகைதான் உண்மையான செலவு. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு அனுமதிப்பத்திரங்களால் வந்ததல்ல. அவற்றைக் கேட்பதற்கு முன்பே கையில் இருந்திருக்க வேண்டிய காணிக் காகிதங்களும் கட்டடக் காகிதங்களும் இல்லாததால் வந்தது.

கடை யாழ் நகரத்துக்கு வடக்கே, பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு குறுக்கு வீதியில் இருக்கிறது. நடத்துபவர் முப்பத்தைந்து வயதுப் பெண். கணவர் கட்டாரில் சில வருடம் வேலை செய்து 2023 இறுதியில் திரும்பியவர். கொண்டு வந்த காசைக் காணியில் போடாமல் ஒரு கடையில் போடுவோம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம், பள்ளிக்கூடக் கொப்பிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, மாலையில் வடையும் ரோல்சும். அப்புறம் ஒரு தேநீர் மேசை, மிளகாய்த்தூள் இடிக்க ஒரு சின்ன மில். இதுதான் அவர்களின் முதல் திட்டம். நான் அந்தப் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன்; காகிதங்களை ஒழுங்குபடுத்த என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான், ஆள் யார் என்று தெரியாதபடி, இதை எழுதுகிறேன். இதே பாதையில் அடுத்து வருபவர் இந்த மாதங்களை இழக்கக்கூடாது என்பது அவர்களின் விருப்பமும்கூட.

உறுதி யாருடைய பெயரில்?

அவர்கள் முதலில் போனது பிரதேச செயலகத்துக்கு, வியாபாரப் பெயரைப் பதிய. பெரும்பாலானோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. சொந்த முழுப்பெயரில், வேறு எந்தச் சொல்லும் சேர்க்காமல் வியாபாரம் செய்பவருக்கு அது தேவையில்லை. ஆனால் கடைக்கு ‘ஸ்ரோர்ஸ்’ என்றோ ‘மளிகை’ என்றோ ஒரு பெயர் வைத்துவிட்டால் பதிய வேண்டும். வங்கியும் மொத்த வியாபாரிகளும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

விண்ணப்பத்தில் விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல் வேண்டும். அடையாள அட்டைப் பிரதி வேண்டும். கடை நடக்கும் இடம் சொந்தமென்றால் உறுதியின் (காணி உரிமைப் பத்திரத்தின்) பிரதி, வாடகையென்றால் குத்தகை உடன்படிக்கை. இங்கேதான் வேலை நின்றது. அவர்களிடம் இருந்தது வெற்றுத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய ஒரு வாடகைக் கடிதம். அதில் கையெழுத்து வைத்தவர் வீட்டுக்காரரும் இல்லை, வீட்டுக்காரியின் தம்பி. வீடு அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அக்கா திருமணம் முடித்து இருபது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவில் இருக்கிறார். தம்பி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், வாடகை வாங்குகிறார், சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டுகிறார். ஊருக்கு அவர்தான் வீட்டுக்காரர். சட்டத்துக்கு அவர் யாருமில்லை.

யாழ்ப்பாணத்தில் இது அபூர்வமான நிலைமை இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளிலும் கடையறைகளிலும் எத்தனை பேருடைய உறுதிக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ சுவிசிலோ இருக்கிறார் என்று அவரவர் ஒழுங்கையிலேயே எண்ணிப் பார்க்கலாம். தாய் தகப்பன் இறந்து, உறுதி இன்னும் அவர்கள் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் வேறு. குடியிருக்க எடுக்கும்போது இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்கென்று எடுத்தால் முதற் கேள்வியே இதுதான்.

நான் அவர்களை உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் அழைத்துப் போனேன். அவர் இரண்டு விடயங்களைச் சொன்னார். முதலாவது, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். ஐந்து வருடத்துக்கென்று வெற்றுத்தாளில் எழுதிய கடிதத்தை நம்பி இறாக்கை (பொருள் அடுக்கும் தட்டு) அடித்து, தரைக்கு ஓடு போட்டு, நாளைக்கு வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் அந்தக் கடிதம் காப்பாற்றாது.

இரண்டாவது விடயம் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சொந்த ஆதனமான காணியையோ வீட்டையோ கையளிக்க வேண்டுமென்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதன வீடும் அதற்குள் வரும். பெண்ணின் சொத்துக்குக் கணவரின் கையெழுத்தா என்று கடைக்கார அக்கா கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. இந்த விதியை மாற்ற வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. ஆனால் இன்றைக்குக் குத்தகை எழுதுபவர் இன்றைய சட்டத்துக்குத்தான் எழுத வேண்டும். கனடாவில் குடியேறிவிட்ட ஒருவருக்குத் தேசவழமை இன்னும் பொருந்துமா என்பது வாதிக்கக்கூடிய விடயம். நொத்தாரிசு அந்த வாதத்துக்குள் போகவில்லை. “கணவரையும் சேர்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ, பிறகு ஒருத்தரும் கேள்வி கேட்க ஏலாது” என்றார்.

ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் வீட்டுக்காரியும் அவருடைய கணவரும் சேர்ந்து, தங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தைத் தம்பிக்குக் கொடுத்து அற்றோர்ணித் தத்துவம் எழுதினார்கள். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அதை அத்தாட்சிப்படுத்தி, மூலப்பிரதியைத் தபாலில் அனுப்பி, இங்கே பதிவு செய்த பிறகே தம்பி சட்டப்படி குத்தகை எழுதிக் கொடுக்க முடிந்தது. அங்கே அவர்களுக்கு வேலை, பனி, விடுமுறை. ஒரு கையெழுத்துக்காக இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு எடுக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கடை திறக்கலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தச் சித்திரையில் குத்தகையே கையில் இல்லை.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி ஏமாற்றவில்லை, அவர் எப்போதும் செய்து வந்ததைத்தான் செய்தார். ஆனால் முற்பணம் கொடுக்க முதல் “உறுதி யாருடைய பெயரில் இருக்கு அண்ணை? ஒரு பிரதி தாங்கோ” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அற்றோர்ணித் தத்துவம் வரும்வரை வாடகை ஓடாதபடி பேசியிருக்கலாம். முற்பணம் கொடுத்த பின் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

கராஜ் கடையானது

குத்தகை கையில் வந்ததும் பெயர்ப் பதிவு சிக்கலில்லாமல் முடிந்தது. பதிவை கடைக்கார அக்காவின் பெயரில், தனி உரிமையாளராகவே செய்தோம். இருவரும் பங்காளிகளாகப் பதியலாம். ஆனால் மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும், கணவர் மறுபடி வெளிநாடு போகும் எண்ணத்திலும் இருந்தார். வங்கியில் ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்துக்கு ஓட வேண்டாம் என்று பட்டது. பெயர்ப் பதிவு செய்துவிட்டால் அந்தப் பெயர் தங்களுக்கே சொந்தம் என்றும் அவர்கள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. இலச்சினையையும் பெயரையும் காக்க 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வியாபாரக் குறி பதிய வேண்டும். ஒரு மூலைக் கடைக்கு அது அவசரமில்லை.

அடுத்தது உள்ளூராட்சி சபை. எந்தச் சபை என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பிரதேச செயலக எல்லையும் சபை எல்லையும் இங்கே ஒன்றில்லை. நல்லூர் பிரதேச செயலகப் பிரிவின் ஒரு பகுதி யாழ்ப்பாணம் மாநகர சபைக்குள் வருகிறது, மற்றப் பகுதி நல்லூர் பிரதேச சபைக்குள். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மாநகர சபை எல்லையில் இருக்கிறது. திருநெல்வேலிச் சந்தை பிரதேச சபையினுடையது. இரண்டுக்கும் செயலகம் ஒன்றே. ஐயமென்றால் வீட்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டைப் பாருங்கள். எந்தச் சபை வரி வாங்குகிறதோ அந்தச் சபையிடம்தான் கடை உரிமமும்.

சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்க்க வந்தார். கடையறை முன்பு கார் விடும் கராஜ். அதற்கு முன்னால் வீதிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை இறக்கியிருந்தார்கள். அவர் கேட்டது, இந்தக் கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்கே என்று. வீடு எண்பதுகளில் கட்டியது. காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தனவாம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது அந்தப் பெட்டி போய்விட்டது. திரும்பி வந்தபோது கூரை இல்லை. பிறகு கூரை போட்டார்கள், பின்பு கராஜைக் கட்டினார்கள். எதற்கும் வரைபடம் இல்லை. யாழ்ப்பாணத்தின் கட்டடங்களில் ஒரு தலைமுறைக்கு இந்த வரலாறு உண்டு. அதைப் புரிந்துகொண்டு, இருப்பதை அளந்து முறைப்படுத்த எளிமையான ஒரு வழியைச் சபைகள் திறந்து வைத்தால் எத்தனையோ சிறு கடைகள் நிமிர்ந்து நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

குடியிருப்புக்கென்று கட்டிய கட்டடத்தைக் கடையாகப் பாவிப்பது பயன்பாட்டு மாற்றம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டு 41 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில் அதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். படவரைஞர் ஒருவரைப் பிடித்து, நிற்கும் கட்டடத்தை அளந்து வரைபடம் போட்டோம். அதில் இரண்டு பிரச்சினைகள் வெளியே வந்தன. தகரக் கொட்டகை வீதிக்கோட்டை (வீதிக்காக விட வேண்டிய எல்லையை) தாண்டி நின்றது. கழற்றச் சொன்னார்கள், கழற்றினோம். அதன் கீழ் போட்டிருந்த சீமெந்துத் தரையும் வீண். மற்றது, கடைக்கு வரும் வாகனம் நிற்க இடம். கராஜே கடையாகிவிட்டதால் முற்றத்தில் இடம் காட்ட வேண்டியிருந்தது. மதிலில் கேற்றை அகலமாக்கி அதைச் சமாளித்தோம். பெரிய வீதியில் கடை எடுப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக ஒன்று உண்டு: வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வரும் வீதியென்றால் கட்டடக் கோட்டை அவர்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டட வேலையெல்லாம் முடிந்த பின்புதான் மின்சாரம் நினைவுக்கு வந்தது. வீட்டு இணைப்பு வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் இருக்கும். கடைக்கு அது பொதுத் தேவைக் கட்டணத்துக்கு மாற வேண்டும். கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அவருடைய கடிதமும் வேண்டும். நல்லவேளை, அற்றோர்ணித் தத்துவத்தில் அதற்கும் இடம் வைத்து எழுதியிருந்தார் நொத்தாரிசு. தத்துவம் எழுதும்போதே குத்தகை, மின்சாரம், தண்ணீர், சபை விண்ணப்பம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ரொறன்ரோவுக்கு எழுத வேண்டி வரும்.

பி.எச்.ஐ பார்த்தவை

உணவுப் பொருள் விற்கும் கடையென்பதால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்து பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் சபை உரிமம் கொடுக்கும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம்தான் அவருடைய கையிலிருக்கும் அதிகாரம். உணவு நிலையங்களை எச் 800 என்ற படிவத்தில் புள்ளியிட்டு ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள்.

இந்த வருகையை எல்லோரும் பயத்தோடு எதிர்பார்க்கிறார்கள். எனக்கோ, முழு நடைமுறையிலும் கடைக்கு உண்மையான நன்மை செய்தது இதுதான் என்று தோன்றுகிறது. காரணம், நாங்கள் அவரை இறாக்கை அடிக்க முதலே ஒரு தடவை வந்து பார்க்கும்படி கேட்டோம். “சேர், இன்னும் ஒண்டும் செய்யேல்லை, என்ன செய்ய வேணும் எண்டு சொன்னால் அப்பிடியே செய்யிறம்” என்று அக்கா கேட்டதில் அவருக்கும் சந்தோசம். அவர் சொன்னவை சாதாரணமான விடயங்கள். அரிசி, மா மூட்டை தரையில் படக்கூடாது, பலகை மேல் வைத்து சுவரிலிருந்தும் சற்று விலக்க வேண்டும். பின்பக்கம் எலி ஓடினால் தெரிய வேண்டும். சவர்க்காரம், நுளம்புச் சுருள், மண்ணெண்ணெய் இவற்றுக்குத் தனிப் பக்கம். காலாவதியான பொருள்களுக்கு ஒரு பெட்டி, அதில் ‘விற்பனைக்கல்ல’ என்று எழுதி, முகவர் வந்து எடுக்கும்வரை வேறாக வைக்க வேண்டும். இறாக்கையில் கிடந்தால், விற்கும் எண்ணம் இல்லை என்று நீதவான் நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குக் கம்பி வலை. இறாக்கை அடித்த பின்பு வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதியைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

கிணற்றை அவர் நெடுநேரம் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் என்றால் சுண்ணாம்புக்கல்லின் ஊடே தேங்கி நிற்கும் நிலத்தடி நீர்தான். மலக்குழியின் கசிவும் தோட்டத்து உரமும் அந்தக் கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்கு வந்துவிடும். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை அளந்தார், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். உணவைக் கையாளும் இருவருக்கும் மருத்துவச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்.

தேநீர் மேசையைப் பற்றிக் கேட்டபோதுதான் திட்டம் மாறியது. பொதி செய்த பொருளை வாங்கி விற்பது ஒரு வகை. அங்கேயே தேநீர் போட்டு இருத்திக் கொடுத்தால் அது தேநீர்க் கடை. சபையின் உபவிதியில் அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு: கை கழுவும் இடம், பாத்திரம் கழுவும் தொட்டி, கழிவுநீர் போக வழி. அந்தக் கராஜுக்குள் அதற்கு இடமில்லை. மேசையைக் கைவிட்டார்கள். வடை, ரோல்ஸ் மட்டும் வெளியே செய்பவரிடமிருந்து எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் இடுக்கியோடு வைத்து விற்கிறார்கள். அதைச் செய்து தருபவரும் தன் சமையல் இடத்தைப் பி.எச்.ஐயிடம் காட்டியவராக இருக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். நல்ல பிடிவாதம்.

உரிமமும் அதன் விலையும்

இத்தனைக்கும் பிறகு சபையின் உரிமக் கட்டணம் எவ்வளவு? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இதற்கு உச்ச அளவு வைத்திருக்கிறது. சோலைவரிக்கென்று சபை மதிப்பிட்ட, இடத்தின் வருடாந்தப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500 ரூபா, 1,500 வரை என்றால் 750 ரூபா, அதற்கு மேலென்றால் 1,000 ரூபா. மாநகர சபைக்கு வேறு அளவுகள், ஆனால் அங்கும் கட்டணம் வாடகையோடு ஒப்பிட ஒன்றுமில்லை. பெயர்ப் பலகைக்குச் சபை தனியாகக் கட்டணம் வாங்கும். பலகை செய்யக் கொடுக்க முதல் அளவைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் மார்கழி (டிசம்பர்) 31 உடன் முடிகிறது. ஆவணியில் எடுத்த இவர்களுக்கு அது ஐந்து மாதத்துக்குக் கூட வரவில்லை. ஆயிரம் ரூபாவுக்காக யாரும் கவலைப்படத் தேவையில்லை, ஆனால் தை பிறந்ததும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தொங்கவிட்டு மூன்று வருடமாக அதன் கீழே வியாபாரம் செய்பவர்களை எனக்குத் தெரியும்.

தராசு, விலை, வெட்டிய சரக்குகள்

தராசு வந்தது ஒரு பூட்டிய கடையிலிருந்து, பாதி விலைக்கு. பார்க்க நல்ல இலத்திரனியல் தராசு, முத்திரை இல்லை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டப்படி வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசும் படியும் ஒவ்வொரு வருடமும் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள பிரிவுக்குக் கொண்டு போனோம். முத்திரை கிடைத்தது. ஆனால் சமையலறைக்கென்று விற்கும் தராசுகளை அப்படிக் கொண்டு போய்ப் பிரயோசனமில்லை, அவை வியாபாரத்துக்கு ஏற்ற வகையில்லை. மலிவு என்று வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்கு முன்கூட்டியே எடுக்கும் அனுமதி ஒன்றுமில்லை. அதனாலேயே எல்லோரும் அதை மறக்கிறார்கள். விலைப்பட்டியலைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும், பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோடாவுக்குப் ‘பெட்டிக் காசு’ என்று கூட்டி எடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அது குற்றம். அதிகபட்ச விலைக்கு மேல் விற்றால் தனியாள் நடத்தும் கடைக்கு முதல் தடவையே ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம் என்று 2021 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பனியென்றால் ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை. ஒரு சோடாவில் எடுக்கும் இருபது ரூபாவுக்கு அந்த ஆபத்தை யாரும் ஏற்கக்கூடாது. வாங்குபவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரக்குப் பட்டியலிலிருந்து சிலவற்றை வெட்டினோம். மிளகாய்த்தூள் மில்லுக்கு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. சத்தமும் தூசியும் பக்கத்து வீட்டுக்குப் போகும் விடயம் என்பதால் அயலவரின் சம்மதமும் பார்க்கப்படும். அதைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இப்போதைக்கு வேறு மில்லில் இடித்துப் பொதி செய்து வாங்குகிறார்கள். பனடோல் முதலிய மருந்துகளின் விற்பனை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது, பலசரக்குக் கடையில் வைக்கும் பழக்கத்தை நம்பி வைக்க வேண்டாம் என்றேன். தோட்டக்காரர் வரும் வீதி என்பதால் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி வைக்கலாமா என்றும் கேட்டார்கள். அதற்கு 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தனி அனுமதி வேண்டும், உணவுக் கடையில் அதற்கு இடமே இல்லை. கைத்தொலைபேசி விற்பதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விற்பனையாளர் உரிமம். அதையும் விட்டார்கள்.

சிகரெட் பற்றி வீட்டுக்குள் வாக்குவாதம் நடந்தது. கணவர், கடைக்கு ஆள் வருவதே அதனால்தான் என்றார். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது. பள்ளிக்கூடமும் ரியூசன் கொட்டில்களும் நிறைந்த அந்த வீதியில் ஒவ்வொரு பொடியனிடமும் அடையாள அட்டை கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அக்கா வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த முடிவில் மிகுந்த மதிப்பு.

வரியும் வேலையாளும்

டின் நம்பர் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கத்தை உண்ணாட்டரசிறைத் திணைக்களத்தில் எடுத்தோம். வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்க அதைக் கேட்கிறார்கள். வற் (பெறுமதி சேர்) வரிக்குப் பதிய வேண்டுமா என்று பயந்தார்கள். 2024 தை 1 முதல் வருட விற்பனை 60 மில்லியன் ரூபாவுக்கு மேல் போனால்தான் பதிவு என்று இருந்தது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. இந்தக் கடை இரண்டுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஆனால் வாங்கும் சரக்கின் பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாகக் கோத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருமான வரி கேட்கப்படும் நாளில் விற்பனையை மட்டும் காட்டினால் போதாது.

உதவிக்குச் சொந்தக்காரப் பொடியன் ஒருவனை நிறுத்தலாம் என்றார்கள். வயது பதினைந்து. வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது; அவனைப் படிக்க விடச் சொன்னேன். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கத்தின்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. சம்பளத்தில் 8 சதவீதம் அவரிடமிருந்தும் 12 சதவீதம் கடையிலிருந்தும் ஊழியர் சேமலாப நிதிக்கு; மேலும் 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 சித்திரையிலிருந்து 27,000 ரூபா, 2026 தையிலிருந்து 30,000. ஒரே ஒரு ஆள்தானே, கையில் காசாகக் கொடுத்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் இருபது வருடம் நின்று, ஒரு சதம் சேமலாபமும் இல்லாமல் வீட்டுக்குப் போன பெண்கள் ஏராளம்.

எந்த ஒழுங்கில் போயிருக்கலாம்

இதே இடத்தை இன்று ஒருவர் எடுக்க வந்தால் நான் முற்பணப் பேச்சுக்கு முன்பே உறுதிப் பிரதியையும் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் கேட்கச் சொல்வேன். உறுதிக்காரர் வெளிநாட்டிலென்றால், கணவன் மனைவி இருவரும் எழுதிய அற்றோர்ணித் தத்துவம் பதிவாகும் நாளிலிருந்தே வாடகை தொடங்கும் என்று எழுத வேண்டும். அந்தத் தத்துவம் வரும் காலத்தில் சும்மா இருக்கத் தேவையில்லை. சபையின் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் பயன்பாட்டு மாற்றத்தையும் வீதிக்கோட்டையும் கேட்கலாம், பி.எச்.ஐயை வெறும் அறையைப் பார்க்க அழைக்கலாம், டின் நம்பர் எடுக்கலாம், மருத்துவச் சான்றிதழ் எடுக்கலாம், தராசுக்கு முத்திரை அடிக்கலாம். குத்தகை வந்ததும் பெயர்ப் பதிவு, அதற்குப் பிறகு சபை உரிமம். இறாக்கையும் பலகையும் பெயின்ரும் இவற்றுக்கெல்லாம் பிறகு.

கட்டடம் முறையான கடையாகவே கட்டப்பட்டு, உறுதிக்காரர் ஊரிலேயே இருந்தால் இதில் முக்கால்வாசி தேவைப்படாது. அப்படிப்பட்ட கடையறைக்கு வாடகை கூடுதலாகக் கேட்பார்கள். இவர்களுக்கும் முதலில் அப்படி ஒன்று காட்டப்பட்டது; வாடகை கூட என்று விட்டுவிட்டார்கள். பூட்டிய கடைக்குக் கொடுத்த மாதங்களையும், கழற்றிய கொட்டகையையும், படவரைஞர் செலவையும் கூட்டிப் பார்த்தபோது, முதல் இரண்டு வருடத்துக்கு அந்தக் கூடின வாடகையே மலிவாக வந்திருக்கும் என்று கணக்கு காட்டியது.

கடை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் திறந்தது. 2025 தையில் உரிமத்தைப் புதுப்பித்தார்கள். சபைக்குக் கொண்டு போன காகிதங்கள் பழைய உரிமம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, பி.எச்.ஐயின் புதிய அறிக்கை மட்டும்தான். மில்லுக்கான சுற்றாடல் உரிம விண்ணப்பத்தை இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை, இயந்திரம் வாங்க முதல் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் பேசிவிட்டார்கள்.